மங்கலதேவி மலையின் இரு பக்கங்கள்

சித்திரை முழுநிலவு நாளன்று கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து மலையேறும் கூட்டத்தைக் கண்டவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள். ஆண்டுக்கு அந்த ஒரு நாள் மட்டுமே பொதுமக்கள் வழிபாட்டுக்குத் திறந்துவிடப்படும் மங்கலதேவி கண்ணகி கோட்டத்துக்குச் செல்லும் பாதை அது. கேரளப் பக்கத்தில் குமுளியிலிருந்து ஜீப்புகள் காட்டுவழியே ஏறும். நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் 6 கிலோமீட்டருக்கு மேல் நடந்தேதான் ஏற வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், இரண்டு மாநிலங்களின் எல்லையில், காற்று ஓயாமல் வீசும் புல்வெளியின் நடுவே அந்தக் கற்கோயில் சிதைந்து நிற்கிறது.

உச்சியில் நின்று ஒரு பக்கம் பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்குக் கீழே விரிகிறது. நெல் வயல்கள், தென்னந்தோப்புகள், திராட்சைப் பந்தல்கள், முல்லைப் பெரியாற்று நீர் ஓடும் வாய்க்கால்கள் என எல்லாம் தெரியும். மறுபக்கம் திரும்பினால் பெரியாற்றுக் காடு. அந்தக் காட்டுக்கும் அப்பால் வண்டிப்பெரியாறு, அதற்கும் மேற்கே பீர்மேடு.

ஒரு பெண்ணின் கதை இந்த மலையில் வந்து முடிகிறது. இன்னொரு பெண்ணின் கதை இதே மலைத்தொடரின் மறுபக்கத்தில், பீர்மேட்டில் தொடங்குகிறது. முன்னவள் காப்பியத் தலைவி. பின்னவர் 1918-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் பிறந்த இயற்பியல் அறிஞர் அன்னா மணி. முன்னவளை அறியாத தமிழ் மாணவி இல்லை. பின்னவரை அறிந்த மாணவியை இப்பள்ளத்தாக்கில் நான் இன்னும் சந்திக்கவில்லை. இருவரையும் சேர்த்து எண்ணிப் பார்க்கக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று மாணிக்கக் கல்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதிப் பள்ளியொன்றில் ‘நான் போற்றும் பெண்மணி’ என்ற தலைப்பில் நடந்த பேச்சுப் போட்டிக்கு நடுவராக உட்கார நேர்ந்தது. பேசிய மாணவியரில் பாதிப் பேர் கண்ணகியையே எடுத்துக்கொண்டார்கள். கோயில் தலைக்கு மேலே இருக்கும்போது வேறு யாரைப் பேசுவார்கள்! ஆனால் எல்லாரும் பேசியது மதுரையை எரித்த நெருப்பைப் பற்றியும் கணவனிடம் காட்டிய பொறுமையைப் பற்றியுமே. அந்த நெருப்புக்குச் சற்று முன்பு பாண்டியன் அவையில் நடந்ததை ஒருவர்கூட இரண்டு வாக்கியங்களுக்கு மேல் சொல்லவில்லை. எனக்கோ காப்பியம் முழுவதிலும் அந்த இடம்தான் பெரிதாகத் தோன்றுகிறது.

அவையில் ஒரு சோதனை

அங்கே என்ன நடந்தது? அரசியின் சிலம்பு காணாமற்போயிருக்கிறது. பொற்கொல்லன் ஒருவன் கோவலனைக் காட்டி, இவனே கள்வன் என்கிறான். அரசன் விசாரிக்கவில்லை. பொற்கொல்லனின் சொல்லே சாட்சியாகவும் தீர்ப்பாகவும் ஆகிவிடுகிறது. கோவலன் வெட்டப்படுகிறான். அறிமுகமற்ற ஊரில், துணையற்ற ஓர் இளம்பெண் மற்றச் சிலம்பைக் கையில் பிடித்துக்கொண்டு அரசன்முன் வந்து நிற்கிறாள்.

அவள் அழுது மன்றாடவில்லை. முதலில் தன் சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாணிக்கம் என்று அறிவிக்கிறாள். தன் அரசியின் சிலம்பில் உள்ளவை முத்துகள் என்று அரசன் கூறுகிறான். இப்போது இரு தரப்பாரும் தம் கூற்றை எல்லார் முன்னிலையிலும் சொல்லியாகிவிட்டது. அதன் பிறகே, கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பு கொண்டுவரப்பட்டு உடைக்கப்படுகிறது. தெறித்து விழுந்தது மாணிக்கம். அரசன் தன் பிழையை அந்த இடத்திலேயே ஒப்புக்கொள்கிறான்.

விஞ்ஞான மாணவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். சோதனைக்கு முன்பே எதிர்பார்க்கும் விடையைச் சொல்லிவிட வேண்டும். சோதனை இரண்டு கூற்றுகளில் ஒன்றைப் பொய்யாக்கக் கூடியதாக இருக்க வேண்டும். பார்ப்பவர் எவரும் முடிவைச் சரிபார்க்க இயல வேண்டும். இந்த மூன்றும் அங்கே நிறைவேறின. உடைத்த பிறகு ‘என் பரலும் இதுதான்’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அதற்கு மதிப்பில்லை. பாண்டியன் அவையில் அன்று அதிகாரத்தை வென்றது கற்பின் வலிமை என்று பாடம் நடத்தப்படுகிறது. காப்பியத்தின் கருத்தும் அதுவாக இருக்கலாம். ஆனால் அரசனை வாயடைக்கச் செய்தது சான்று. (ஊரை எரித்தது முறையா என்பது வேறு வழக்கு. அதில் நான் கண்ணகியின் பக்கம் பேச முடியாது.)

முத்துக்கும் மாணிக்கத்துக்கும் உள்ள வேற்றுமை கண்ணுக்கே தெரியும். முத்து சிப்பியின் உடலில் படிந்து வளர்ந்த சுண்ணாம்புப் பொருள், அதாவது கால்சியம் கார்பனேட். மாணிக்கமோ அலுமினிய ஆக்சைடுப் படிகம். தூய்மையான அலுமினிய ஆக்சைடு நிறமற்றது. அதில் நூற்றில் ஒரு பங்கு அளவிலோ அதற்கும் குறைவாகவோ குரோமியம் கலந்துவிட்டால் சிவந்த மாணிக்கமாகிறது. பழங்காலத்தில் சிவந்த மணிகள் பலவும் மாணிக்கம் என்றே வழங்கின. உண்மை மாணிக்கத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன்மேல் நீல ஒளியையோ பச்சை ஒளியையோ பாய்ச்சினால் அதை விழுங்கிக்கொண்டு, ஏறத்தாழ 694 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஆழ்ந்த சிவப்பொளியை உமிழ்கிறது. கல் தானே கனல்வது போலத் தோன்றும். 1960-இல் உலகின் முதல் லேசர் கருவி செய்யப்பட்டது இத்தகைய மாணிக்கக் கோலைக் கொண்டே.

இந்த ஒளிர்வைத்தான் 1940-களில் பெங்களூரில் அன்னா மணி ஆராய்ந்துகொண்டிருந்தார்.

காதணிக்குப் பதில் கலைக்களஞ்சியம்

அவருடைய தந்தையார் கட்டடப் பொறியியல் வல்லுநர், ஏலத்தோட்டங்களுக்கு உரிமையாளர். எட்டுப் பிள்ளைகளில் அன்னா ஏழாமவர். ஆண் பிள்ளைகளை உயர்ந்த உத்தியோகத்துக்கும் பெண் பிள்ளைகளை நல்ல இடத்துத் திருமணத்துக்கும் ஆயத்தம் செய்வது அந்தக் குடும்பத்தின் வழக்கம். பெண் குழந்தைகளின் எட்டாம் பிறந்த நாளுக்கு வைரக் காதணி பரிசளிப்பதும் வழக்கம். அன்னா தமக்குக் காதணி வேண்டாம் என்றார். ‘என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா’ தொகுதிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்று வேண்டாம் என்று ஒதுக்கிய வைரத்தைப் பிற்காலத்தில் அவர் இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் பட்டம் பெற்று, 1940-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அதற்கு ஏழாண்டுகள் முன்னர், 1933-இல், கமலா பாகவத் என்ற மாணவி அதே கழகத்தில் சேர வந்தபோது, பெண் என்பதற்காகவே ராமன் முதலில் இடம் மறுத்தார். அவர் விடாமல் வாதாடி, ஓராண்டுச் சோதனைக்கு உட்பட்டுச் சேர்ந்தார்; பின்னர்க் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டமும் பெற்றார். அன்னா மணிக்குக் கதவு திறந்ததில் அந்த மாணவியின் பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு என்றே கருதுகிறேன்.

ஆய்வகத்தில் அவர் 30-க்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வையும் நிறமாலைகளையும் பதிவு செய்தார். வேலை எளிதன்று. படிகத்தைத் திரவக் காற்றின் கடுங்குளிரில் வைத்திருக்க வேண்டும். அதிலிருந்து வரும் மங்கலான ஒளி புகைப்படத் தட்டில் பதிய 15 முதல் 20 மணி நேரம் வரை ஆகும். ஆகவே ஆய்வகத்திலேயே இரவைக் கழிப்பது வாடிக்கையாயிற்று. 1942-க்கும் 1945-க்கும் இடையில் தம் பெயரில் மட்டும் ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்.

1945 ஆகஸ்டில் தம் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் அளித்தார். அக்காலத்தில் பெங்களூர் ஆய்வுகளுக்குப் பட்டம் வழங்கியது அந்தப் பல்கலைக்கழகமே. அவரிடம் எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று காரணம் கூறி, டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. ஐந்து கட்டுரைகள் மேசைமீது இருந்தன, அளவீடுகள் இருந்தன, சோதித்துப் பார்க்க வைரங்களும் இருந்தன. சிலம்பை உடைத்துக் காட்டிய பிறகும் தீர்ப்பு மாறவில்லை! அந்த ஆய்வேடு பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில், பட்டம் பெற்ற மற்ற ஆய்வேடுகளின் வரிசையில், அவற்றைப் போலவே அட்டை கட்டப்பட்டு வைக்கப்பட்டது.

இந்த இடத்தில் இரு பெண்களும் வேறுபடுகிறார்கள். அன்னா மணி இதைப் பற்றிப் பொருமியதில்லை. பட்டம் இல்லாததால் தம் வாழ்க்கையில் பெரிய வேறுபாடு ஏற்படவில்லை என்றே முதுமையில் கூறிவந்தார். பெண் விஞ்ஞானி என்று தம்மைத் தனியே பிரித்துப் பாராட்டுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. பெருந்தன்மைதான். ஆயினும் அவர் பொறுத்துக்கொண்டார் என்பதற்காக நாமும் அதைச் சிறு செய்தியாக எண்ணிவிடலாகாது. இத்தகைய மறுப்புக்குப் பின் ஆராய்ச்சியையே விட்டு விலகியவர்களின் பெயர்கள் நமக்கு வந்து சேர்வதில்லை.

கருவிகளின் நாயகி

அதே 1945-இல் அரசின் உதவித்தொகை பெற்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். இயற்பியல் படிக்கத்தான் விரும்பினார். ஆனால் கிடைத்த உதவித்தொகை வானிலைக் கருவிகளைப் பற்றிய பயிற்சிக்கு உரியது. கிடைத்ததை ஏற்றுக்கொண்டார். 1948-இல் திரும்பி வந்து பூனாவில் இந்திய வானிலைத் துறையின் கருவிப் பிரிவில் சேர்ந்தார்.

அன்று நாட்டின் நிலை என்ன? மழைமானி போன்ற எளிய கருவியைக்கூட இங்கிலாந்திலிருந்து இறக்குமதி செய்துகொண்டிருந்தோம். மழைமானி என்பது ஒரு புனலும் ஒரு குப்பியும்தான். ஆனால் புனலின் வாய் விட்டம் சரியாக இராவிட்டால் ஒவ்வொரு மழையும் பொய்யாகப் பதியும். ஆயிரம் ஊர்களில் ஆயிரம் விதமான புனல்கள் இருந்தால் கம்பத்து மழையையும் காசர்கோட்டு மழையையும் ஒப்பிட இயலாது. ஏறத்தாழ 100 வகைக் கருவிகளுக்கு அளவு வரைபடங்களை ஒழுங்குபடுத்தி, அவற்றை இந்தியாவிலேயே செய்யத் தொடங்கியது அந்தப் பிரிவு. 1953-இல் அன்னா மணி அதன் தலைவரானார். அவருக்குக் கீழ் 121 ஆண்கள் பணியாற்றினார்கள். தவறான அளவைவிட, அளக்காமலே இருப்பது மேல் என்பது அவர் தம் பிரிவினருக்கு வைத்த விதி.

1957–58 சர்வதேசப் புவியியற்பியல் ஆண்டை ஒட்டி, இந்தியாவெங்கும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தார். வளிமண்டலத்தின் மேலடுக்குகளில் ஓசோனை அளக்கப் பலூனில் ஏற்றி அனுப்பும் கருவியை 1960-களில் இந்தியாவிலேயே உருவாக்கினார். அத்தகைய கருவியைத் தாமே செய்துகொண்ட நாடுகள் அன்று மிகச் சில. 1963-இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியபோது, அங்கு வானிலை ஆய்வகத்தையும் கருவிக் கோபுரத்தையும் அமைக்கும் பொறுப்பு விக்ரம் சாராபாயின் வேண்டுகோளின்படி இவரிடம் வந்தது. 1976-இல் துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். 1980-இல் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு அளவுகளைத் தொகுத்துக் கைந்நூலாக வெளியிட்டார். இன்று வீட்டுக் கூரைமேல் சூரிய மின்தகடு வைக்கிறவர்கள் கேட்கும் முதற் கேள்வி, எத்தனை வெயில் கிடைக்கும் என்பதுதான். அதற்கு இந்தியாவில் ஒழுங்கான விடை சொல்லத் தொடங்கிய நூல்களுள் அது ஒன்று.

கற்பனை இங்கே வரலாற்றை முந்திக்கொண்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1905-இல் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திவந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்ற ஆங்கில மாத இதழில் ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதை வெளிவந்தது. எழுதியவர் வங்காளத்து ரொக்கேயா ஹுசைன். கதையில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் முக்காட்டு வாழ்க்கை நடத்துகிறார்கள். பெண்கள் வெளியே ஆட்சி நடத்துகிறார்கள். பெண்களுக்கென இரண்டு பல்கலைக்கழகங்கள் உண்டு. ஒன்று பலூனைப் பறக்கவிட்டு மேகங்களிலிருந்து நீரை இறக்குகிறது. மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமித்து வைக்கக் கற்றுக்கொள்கிறது. அடுப்பெரிப்பதும் பகைவரை விரட்டுவதும் அந்த வெப்பத்தைக்கொண்டே. அன்னா மணி பிறப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே, பலூனும் வெயிலுமாக அவர் பின்னர்ச் செய்த வேலையின் சாயல் சென்னையில் அச்சேறிவிட்டது. பெண்ணுக்கு விஞ்ஞானம் வருமா என்று ஊரார் விவாதித்துக்கொண்டிருந்த நாளில் வந்த கதை இது. இதைத் தமிழில் சொல்லித்தந்தால் ஏழாம் வகுப்பு மாணவியர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், பிறகு யோசிப்பார்கள்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அன்னா மணி ஏலத்தோட்ட உரிமையாளர் மகள். வைரக் காதணியை மறுக்க, முதலில் அதைத் தருவதற்கு ஒரு வீடு வேண்டும். நம் பள்ளத்தாக்கிலோ விடியுமுன் தூக்குச் சட்டியோடு ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு குமுளி மேட்டிலும் கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் ஏறி, அந்த மலைகளின் தோட்டங்களில் ஏலக்காய் பறித்துவிட்டு, இருட்டிய பின் திரும்பும் தாய்மார்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய மகளிடம் ‘நீயும் அன்னா மணியாக வேண்டும்’ என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடுவது எளிது. அந்த மகளுக்கு வேண்டியவை திறந்திருக்கும் நூலகம், பூட்டு நீங்கிய ஆய்வுக்கூடம், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகும் கட்டக்கூடிய கல்விக் கட்டணம். பீர்மேட்டுச் சிறுமி பன்னிரண்டு வயதுக்குள் ஊர்ப் பொது நூலகத்தின் மலையாள நூல்களையும் ஆங்கில நூல்களையும் ஏறக்குறைய முழுவதும் படித்து முடித்தார் என்பார்கள். படிக்க அங்கே ஒரு நூலகம் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் ஊர்க் காற்று

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டித் தேனிப் பக்கம் வருகிறவர்களை இன்று முதலில் வரவேற்பவை காற்றாலைகள். தமிழ்நாட்டில் காற்று வலுவாகப் பாயும் கணவாய்கள் நான்கு: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரில் மோதுகிறது. பீர்மேட்டுப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாழ்ந்த இடங்களில் நெருக்கிக்கொண்டு புகுந்து, உலர்ந்த காற்றாக நம் பள்ளத்தாக்கில் இறங்கி ஓடுகிறது. குறுகிய வாயில் வழியே செல்லும் நீர் வேகம் பெறுவதைப் போன்றதுதான் இதுவும். வாழைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இக்காற்றின் வேகத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஓய்வுக்குப் பின் அன்னா மணி பெங்களூரில் இருந்துகொண்டு இந்தியாவின் காற்றை அளக்கும் பணியை மேற்கொண்டார். காற்றாற்றல் பற்றிய தரவு நூல் 1983-இல் வந்தது. அதைத் தொடர்ந்து நாட்டில் 700-க்கும் மேற்பட்ட இடங்களில் காற்று அளக்கப்பட்டது. காற்று வேகமும் வெயிலும் அளக்கும் கருவிகளைச் செய்யச் சிறு தொழிற்கூடம் ஒன்றையும் அங்கே தொடங்கினார். 2001 ஆகஸ்டு 16-இல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

காற்றை அளப்பதில் ஏன் இத்தனை கண்டிப்பு? காற்றின் வேகம் சற்றே கூடினாலும் அதன் ஆற்றல் பன்மடங்கு கூடிவிடும். ஆற்றல், வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதே காரணம். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஆற்றல் 125 பங்கு என்றால், 6 மீட்டரில் அது 216 பங்கு. கருவி நூற்றுக்குப் பத்து கூட்டிக் காட்டி, 5 மீட்டரை 5½ என்று சொல்லிவிட்டால், 125 பங்கு ஆற்றலை ஏறத்தாழ 166 என்று நம்பிக் காற்றாலை நிறுத்திவிடுவோம். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு காகிதத்தில் மட்டும் சுற்றும்.

மாணவியர் இதைத் தாமே அளக்கலாம். சம அளவுள்ள நான்கு சிறு கொட்டாங்கச்சிகளைச் சுரண்டி மெல்லியதாக்கி, சிலுவை வடிவில் கட்டிய இரு மூங்கில் சிம்புகளின் முனைகளில் பொருத்துங்கள். எல்லா வாய்களும் சுற்றும் திசையில் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நடுவில் சைக்கிள் பேரிங் ஒன்றில் நிறுத்தினால் தடையின்றிச் சுற்றும். ஒரு கொட்டாங்கச்சிக்கு மட்டும் சிவப்புச் சாயம் பூசிவிட்டால் சுற்றுகளை எண்ணலாம்.

ஆனால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது காற்றின் வேகமாகாது. எத்தனை சுற்று எவ்வளவு வேகம் என்று முதலில் கண்டாக வேண்டும். காற்றே இல்லாத விடியற்காலையில் கருவியைச் சைக்கிளின் கைப்பிடிக்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள். ஒருத்தி சீராக மிதிக்க, பின்னால் அமர்ந்த தோழி எண்ணட்டும். ஒரு கிலோமீட்டர்க் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 4 நிமிடத்தில் சென்றால் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். அந்த நான்கு நிமிடத்தில் 320 சுற்று என்றால், உங்கள் கருவிக்கு நிமிடத்துக்கு 80 சுற்று என்பது 15 கிலோமீட்டர். உடனே அதே வழியில் திரும்பி வந்தும் எண்ணுங்கள். இரண்டு எண்களும் ஒத்துவராவிட்டால், இல்லை என்று நினைத்த காற்று இருந்திருக்கிறது என்று பொருள். இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு வேறு வேகங்களிலும் இப்படியே செய்து, வரைபடத் தாளில் குறித்து வையுங்கள். ஆனி பிறந்ததும் கருவியைப் பள்ளிக்கூட மொட்டைமாடியில் ஏற்றிவிடலாம்.